டயர் எங்கே வாங்கினாலும், மாட்டுவது யார்?

ஓசூரில் கார் வைத்திருப்பவருக்கு டயர் வாங்க இன்று வழிகள் பல. ஊருக்குள்ளேயே கடைகள் இருக்கின்றன. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளி. அப்படியே போனால் பெங்களூரின் பெரிய கடைகள். எங்கும் போக மனமில்லை என்றால் கைப்பேசியில் ஆர்டர் போட்டால் நான்கு டயர்களும் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வரி ஒன்றுதான். கார் டயருக்கு 28 சதவீதமாக இருந்த அந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே விலையில் காணும் வேறுபாடு வரியால் வருவதல்ல. கடைக்காரர் தரும் தள்ளுபடியாலும் கையிருப்பாலும் வருவது. விசாரித்து வாங்கினால் லாபம் உண்டு.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வாங்கிய இடம் ஒன்று, மாட்டும் இடம் வேறு என்றானபின், அந்த வேலையை யாரை நம்பிக் கொடுப்பது? "எங்ககிட்ட வாங்கின டயரைத்தான் மாட்டுவோம்" என்பார் ஒருவர். "கொண்டு வாங்க சார், பத்து நிமிஷத்துல முடிச்சிடலாம்" என்பார் இன்னொருவர். பெயர்ப்பலகையையும் பேச்சையும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முடிவு செய்ய நம்மிடம் வேறு ஒரு வழி இருக்கிறது. டயர் மாட்டும் வேலையின் ஒவ்வொரு படியும் எளிய இயற்பியல் விதி ஒன்றுக்குக் கட்டுப்பட்டது. அந்த விதி நமக்குத் தெரிந்தால், ஒர்க்‌ஷாப்பில் அரை மணி நேரம் நின்று பார்த்தாலே அந்த ஆள் வேலை தெரிந்தவரா என்பது தெரிந்துவிடும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

இதை ஓசூரிலிருந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. அசோக் லேலண்டின் லாரிகளும் டிவிஎஸ்ஸின் இருசக்கர வாகனங்களும் உருவாகும் ஊர் இது. டிவிஎஸ் 50 மொபெட் 1980இல் இங்கிருந்துதான் சாலைக்கு வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இன்னொரு பக்கம், போச்சம்பள்ளியில், ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலை இயங்குகிறது. டயர் செய்வதிலும் தமிழ்நாடு பின்தங்கியதல்ல. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப்பிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மதுரை வரை டயர் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆலைக்குள் சக்கர நட்டை யாரும் கைக்கணக்கில் முடுக்குவதில்லை. அளவு வைத்துத்தான் முடுக்குகிறார்கள். அந்த ஒழுங்கு ஆலையின் வாசலோடு நின்றுவிடக் கூடாது.

முதலில் டயரைப் படியுங்கள்

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. டயரின் பக்கச்சுவரில் அதன் முழு வரலாறும் அச்சாகியிருக்கிறது. உதாரணமாக, 185/65 ஆர் 15 88 எச். 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். ஆர் என்பது ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்ற குறியீட்டெண் இந்த ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும் என்கிறது. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும்படி செய்யப்பட்டது என்று பொருள்.

நாம் 120 கிலோமீட்டரைத் தாண்டப் போவதில்லை, குறைந்த வேகக் குறியீடு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அந்த எழுத்து உண்மையில் டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதன் அளவு. கார் நிறுவனம் சொன்ன எடைக் குறியீட்டுக்கும் வேகக் குறியீட்டுக்கும் கீழே போகாதீர்கள்.

அடுத்து, நான்கு இலக்கத் தேதி. 3525 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் வயதாகும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அதை மெல்ல இறுகச் செய்து வெடிப்புகளை உண்டாக்கும். தள்ளுபடி விலையில் வரும் டயர் பழைய இருப்பா என்பதை இந்த நான்கு இலக்கங்கள் காட்டிக்கொடுத்துவிடும். கூடவே ஐஎஸ்ஐ முத்திரையையும் தேடுங்கள். கார், லாரி, இருசக்கர வாகன டயர்களுக்கு அந்த முத்திரை கட்டாயம் என்று 2009இல் மத்திய அரசு ஆணையிட்டது.

நல்ல ஒர்க்‌ஷாப்காரர் நீங்கள் கொண்டுவந்த டயரை வாங்கியதும் இந்த எழுத்துகளைத்தான் முதலில் பார்ப்பார். அளவு பொருந்துகிறதா, தேதி என்ன, சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி உண்டா, 'அவுட்சைடு' என்று எழுதிய பக்கம் எது என்று தேடுவார். மழைநீரை வெளியே தள்ளும்படி பட்டன் (சாலையில் படும் ரப்பர் கட்டைகள்) வெட்டப்பட்ட டயரைத் திசை மாற்றிப் போட்டால் ஈரச் சாலையில் அது தன் வேலையைச் செய்யாது. எதையும் படிக்காமல் நேராக இயந்திரத்தில் ஏற்றுபவரிடம் கவனமாக இருங்கள்.

380க்குள் 415 நுழையும் வித்தை

டயரின் உள்விளிம்பை நம் ஊர் மெக்கானிக்குகள் பீடிங் என்பார்கள். அதற்குள் எஃகுக் கம்பிகள் வளையமாகச் சுற்றியிருக்கின்றன. ரப்பர் நீளும்; இந்த வளையம் நீளாது. நீளவும் கூடாது, ஏனென்றால் ரிம்மை இறுகப் பிடித்துக் காற்றை உள்ளே வைத்திருப்பது அதுதான்.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். 15 அங்குல ரிம்மில் பீடிங் உட்காரும் இடத்தின் விட்டம் சுமார் 380 மில்லிமீட்டர். ஆனால் அங்கே போய்ச் சேர, அது தாண்ட வேண்டிய ரிம் விளிம்பின் விட்டம் சுமார் 415 மில்லிமீட்டர். நீளாத ஒரு வளையம், தன்னைவிட மூன்றரை சென்டிமீட்டர் பெரிய வட்டத்தைத் தாண்டியாக வேண்டும். எப்படி?

விடை ரிம்மின் நடுவில் இருக்கிறது. எந்தக் கார் ரிம்மையும் குறுக்காக வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். வளையத்தின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால், எதிர்ப்பக்கத்தில் அதற்கு இடம் கிடைத்துவிடும். அந்த இடத்தைக்கொண்டு எதிர்ப்பக்கம் விளிம்பைத் தாண்டிவிடும். இதில் பலத்துக்கு வேலையே இல்லை, எல்லாம் வடிவியல்.

வேலை தெரிந்தவரின் கையைக் கவனியுங்கள். இயந்திரம் சுழலத் தொடங்கியதும் டயரின் ஒரு பக்கத்தைக் கையாலோ துணைக்கரத்தாலோ அழுத்திப் பள்ளத்துக்குள் இறக்குகிறார். எதிர்ப்பக்கம் இயந்திரத்தின் மூக்குக்கு அடியில் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. சத்தமில்லை, இழுபறி இல்லை. இடையில் இறுக்கம் கூடினால் நிறுத்தி, பின்னோக்கிச் சுற்றி, மறுபடி அழுத்துகிறார். வேலை தெரியாதவர் பள்ளத்தை மறந்துவிட்டு இயந்திரத்தின் பலத்தால் இழுப்பார். இல்லையென்றால் கடப்பாரையை நுழைத்து நெம்புவார். பீடிங்கின் ரப்பர் கிழியும், உள்ளே கம்பி முறுக்கிக்கொள்ளும், அலாய் வீல் கீறும். கிழிசல் அன்று கண்ணுக்குத் தெரியாது. சில வாரங்கள் கழித்து, காரணமே தெரியாமல் காற்று இறங்கும்.

இங்கே பணம் சம்பந்தப்பட்ட ஒரு செய்தியும் இருக்கிறது. டயர் நிறுவனங்கள் தரும் உத்தரவாதம் தயாரிப்புக் குறைகளுக்கானது. மாட்டும்போது பீடிங் கிழிந்தால் அது உங்கள் நஷ்டம். வேறு இடத்தில் டயர் வாங்கியவர் மாட்டுபவரைத் தேர்ந்தெடுப்பதில் இரட்டிப்புக் கவனம் காட்ட வேண்டியது இதனால்தான்.

பீடிங்கில் என்ன தடவுகிறார் என்பதையும் பாருங்கள். டயர் மாட்டுவதற்கென்றே சோப்பு அடிப்படையிலான பசை இருக்கிறது. மாட்டும்போது வழுக்கும், காய்ந்தபின் பிடித்துக்கொள்ளும். கிரீஸோ பழைய இன்ஜின் ஆயிலோ தடவினால் ரப்பர் ஊறிக் கெடும். மேலும், எண்ணெய் காயாது என்பதால், திடீரென பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மின் மேலேயே வழுக்கி நகரும்.

காற்றை ஏற்றும்போது 'டப்' என்று இரண்டு சத்தம் கேட்கும். பீடிங் இரண்டு பக்கமும் தன் இருக்கையில் உட்கார்ந்ததன் அடையாளம் அது. உட்காரவில்லை என்பதற்காக 40 பிஎஸ்ஐக்கு மேல் காற்றை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. பல டயர்களின் பக்கச்சுவரிலேயே இந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கும். காற்றை இறக்கி, பசை தடவி, மறுபடி முயல்வதே முறை.

சிறிய வால்வு, பெரிய வேலை

டியூப்லெஸ் டயரில் காற்றுக்குக் காவல் ரிம்மில் பொருத்திய ரப்பர் வால்வு. அதன் வயதும் பழைய டயரின் வயதுதான். வெயிலிலும் சுழற்சியிலும் அதன் அடிப்பகுதி வெடித்திருக்கும். டயரின் விலையோடு பார்த்தால் புது வால்வின் விலை ஒன்றுமே இல்லை. "வால்வு மாத்தணுமா?" என்று அவர் உங்களைக் கேட்டால் அது நல்ல அடையாளம். கேட்காமல் பழையதை அப்படியே விட்டால் நீங்கள் கேளுங்கள். மாட்டியபின் வால்வைச் சுற்றியும் ரிம் ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் பழக்கம் அந்தக் கடையில் இருந்தால் இன்னும் நல்லது.

டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் சென்சார் உள்ள கார்கள் இப்போது பெருகிவிட்டன. பெரும்பாலும் அந்தச் சென்சார் வால்வின் அடியில், ரிம்முக்குள் இருக்கும். பழைய டயரைப் பிரிக்கும் இயந்திரத்தின் தகடு அந்த இடத்தில் அழுத்தினால் சென்சார் உடையும். உங்கள் காரில் அது உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இருபது கிராமின் எடை மூன்று கிலோ

எந்த டயரும் எந்த ரிம்மும் முழுச் சீரான வட்டமல்ல. ஓரிடத்தில் சில கிராம் கூடும், ஓரிடத்தில் குறையும். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம். வால்வு இருக்கும் இடம் ரிம்மில் சற்றே கனமானது என்பதால் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுவது வழக்கம். மீதியை, எங்கே எவ்வளவு வெயிட் ஒட்ட வேண்டும் என்று காட்டும் பேலன்சிங் இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

சில கிராமுக்காக இவ்வளவு பாடா என்று தோன்றலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். 100 கிலோமீட்டர் வேகத்தில் 15 அங்குலச் சக்கரம் ஒரு நொடியில் சுமார் 14 முறை சுற்றுகிறது. ரிம் விளிம்பில் 20 கிராம் மட்டும் கூடுதலாக இருந்தால், அது சக்கரத்தை வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ மூன்று கிலோ எடைக்குச் சமம். அந்த இழுப்பு மேலும் கீழும் முன்னும் பின்னுமாக நொடிக்கு 14 முறை திசை மாறுகிறது. வேகம் பாதியானால் விசை கால் பங்காகும், ஏனென்றால் அது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாமல் நாற்கரச் சாலையில் ஏறியதும் ஸ்டியரிங் ஆடுவது இதனால்தான். அதோடு, சஸ்பென்ஷனில் தொங்கும் சக்கரத்துக்கு இயல்பாகவே ஓர் அதிர்வெண் உண்டு. கார்களில் அது பெரும்பாலும் நொடிக்கு 10 முதல் 15. சக்கரத்தின் சுழற்சி அந்த எண்ணைத் தொடும்போது, அதாவது 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில், நடுக்கம் பெருகிவிடுகிறது.

பேலன்சிங் செய்பவரைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. வெயிட் ஒட்டியபின் சக்கரத்தை மறுபடி சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் பூஜ்யம் வர வேண்டும். அடுத்ததாக, சக்கரத்தை இயந்திரத்தின் தண்டிலிருந்து தளர்த்தி, அரைச் சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிச் சுழற்றச் சொல்லுங்கள். இப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே வந்தால் சக்கரம் நடுவாகப் பொருந்தியிருக்கிறது, அளவு உண்மையானது. எண் பெரிதாக மாறினால் முதலில் காட்டிய பூஜ்யமும் பொய். தன் வேலையில் உறுதியுள்ளவர் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார்.

வெயிட்டுகளில் இன்றும் ஈயம் புழங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இலேயே கார்களுக்கு ஈய வெயிட்டுகளைத் தடை செய்துவிட்டது. இரும்பு அல்லது துத்தநாக வெயிட் கிடைத்தால் அதையே கேளுங்கள். தெருவில் கழன்று விழும் ஈயம் மண்ணில்தான் போய்ச் சேரும்.

நட்டு எவ்வளவு இறுக வேண்டும்?

உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட படி இதுதான். காரின் எடையைச் சக்கரத்தின் ஸ்டட்டுகள், அதாவது நட்டு ஏறும் மரையாணிகள், தாங்குகின்றன என்றே பலரும் நினைக்கிறோம். ஸ்டட்டுகள் செய்யும் வேலை வேறு. நட்டை முடுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது; அந்தச் சுருங்கும் விசை சக்கரத்தை ஹப்போடு நெரிக்கிறது. நெரிப்பால் உண்டாகும் உராய்வுதான் சக்கரத்தை நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

பெரும்பாலான கார்களுக்கு நிறுவனங்கள் சொல்லும் முடுக்கு அளவு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியது. அரை மீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 20 கிலோ விசை கொடுப்பதற்குச் சமம் அது. 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் இந்த அளவு ஏறத்தாழ நான்கு டன் நெரிப்பைத் தருகிறது. நான்கு நட்டும் சேர்ந்தால் பதினாறு டன். குறைவாக முடுக்கினால் நெரிப்பு போதாமல் சக்கரம் நுணுக்கமாக அசைந்து, நட்டு தானாகக் கழலத் தொடங்கும். அதிகமாக முடுக்கினால் ஸ்டட் தன் மீள்தன்மையை இழந்துவிடும். ஒருமுறை அப்படி நீண்டது பழைய நிலைக்குத் திரும்பாது. பார்வைக்கு இறுக்கமாகத் தெரியும், உள்ளே பிடிப்பு இருக்காது. வழியில் பஞ்சரானால் வீட்டுக் கருவியால் கழற்றவும் முடியாது.

ஏர் கன்னை வைத்து 'கடகட'வென்று முடுக்கிவிட்டு அடுத்த வண்டிக்குப் போவதை எங்கும் காணலாம். கன்னைப் பயன்படுத்துவதில் தவறில்லை, அது தொடக்கத்துக்கு மட்டும் என்றால். முறை இப்படி: ஹப்பிலும் ரிம்மிலும் உள்ள துருவையும் மண்ணையும் துடைக்க வேண்டும். நட்டுகளைக் கையால் சில சுற்று ஏற்றிவிட்டு, ஒன்றுக்கு எதிர் மற்றொன்றாக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியபின் டார்க் ரென்ச்சால் இறுதி அளவு வைக்க வேண்டும். 'டக்' என்ற சத்தத்தோடு அந்த ரென்ச் அளவு வந்ததைச் சொல்லும். நட்டு சுலபமாக ஏற எண்ணெய் விடுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். கார் நிறுவனம் சொல்லும் அளவு உலர்ந்த மரைக்கானது. எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே முடுக்கில் ஸ்டட் மேல் வரும் விசை வெகுவாகக் கூடிவிடும்.

மாட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் நட்டு பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். "நாளைக்கோ மறுநாளோ வந்து நட்டு செக் பண்ணிக்கோங்க" என்று தானாகச் சொல்லும் கடைக்காரரின் எண்ணை உங்கள் கைப்பேசியில் சேமித்து வையுங்கள்.

கிலோமீட்டருக்கு ஐந்து மீட்டர் இழுபடும் டயர்

புது டயர் போட்டவுடன் வீல் அலைன்மென்ட் பார்ப்பது செலவு கூட்டும் தந்திரம் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஒரு சக்கரம், ரிம்மின் பின்விளிம்பைவிட முன்விளிம்பு வெறும் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே இருக்கும்படி திரும்பியிருக்கிறது என்று வையுங்கள். கார் நேராகப் போகிறது. சக்கரம் வேறு திசையில் உருள விரும்புகிறது. அப்போது அந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் ஐந்து மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே போகிறது. கிருஷ்ணகிரி போய்ச் சேர்வதற்குள் சுமார் 250 மீட்டர் தார்ச்சாலையில் குறுக்கே இழுத்ததற்குச் சமம். புது டயரின் பட்டன் சில மாதங்களில் ஓரமாகத் தேய்வது இப்படித்தான்.

பழைய டயர்களைத் தூக்கிப் போடும் முன் அவற்றைப் பாருங்கள். நடுவில் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் வைத்து ஓட்டியிருக்கிறோம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறு. இதைக் காட்டி விளக்குபவர் நல்ல மெக்கானிக். அலைன்மென்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். அளவு ஏற்கெனவே சரியாக இருந்தால் "வேண்டாம் சார், சரியா இருக்கு" என்று சொல்லும் நேர்மை அவரிடம் இருக்க வேண்டும்.

இரண்டு டயர் மட்டுமே மாற்றுகிறீர்கள் என்றால் புதியவற்றைப் பின்பக்கம் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம் ஈரத்தில் வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்; அதைச் சமாளிக்கச் சாதாரண ஓட்டுநரால் இயலாது. பின்பக்கம் பிடிப்பு அதிகம் வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு: காற்றின் கணக்கு

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அதைவிட 350 மீட்டருக்கு மேல் தாழ்வு. ஓசூரில் 33 பாயின்ட் (பிஎஸ்ஐ) காற்றடித்துக் கீழே இறங்கினால் என்ன ஆகும்? கீழே வளிமண்டல அழுத்தம் கூடுவதால், வெளிக்காற்றோடு ஒப்பிட்டு அளக்கும் நம் கேஜில் சுமார் அரை பிஎஸ்ஐ குறைவாகக் காட்ட வேண்டும். ஆனால் கிருஷ்ணகிரியில் வெயில் கூடுதல். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் கார் டயரில் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். மூன்று நான்கு டிகிரி கூடினாலே அந்த அரை பிஎஸ்ஐ ஈடாகிவிடும். ஆகவே மலை இறங்குவதற்காகக் காற்றை மாற்ற வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது வேறு. ஓடிய டயர் சூடாகி அழுத்தம் சில பிஎஸ்ஐ ஏறியிருக்கும். அப்போது அளந்து, அதிகமாக இருக்கிறதே என்று இறக்கிவிட்டால் ஆறியபின் காற்று குறைந்துபோகும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் மடங்கி நிமிர்கிறது; அந்த அசைவு உள்ளேயே வெப்பமாகத் தேங்குகிறது. கோடை நண்பகலில் நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு அதிகக் காற்றைவிடக் குறைந்த காற்றே பெரிய காரணம். காலையில், வண்டி எடுக்கும் முன், ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அட்டையின் அளவுப்படி காற்று வையுங்கள்.

நைட்ரஜன் பற்றிக் கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் ஓராண்டு வைத்துச் சோதித்ததில், காற்றடித்த டயர்கள் சராசரியாக 3.5 பிஎஸ்ஐ இழந்தன, நைட்ரஜன் அடித்தவை 2.2 பிஎஸ்ஐ. வேறுபாடு உண்டு, ஆனால் மாதம் ஒருமுறை காற்று பார்ப்பவருக்கு அது பொருட்டல்ல. இலவசமாக அடித்தால் அடித்துக்கொள்ளலாம். அதைக் காட்டியே பெரிய தொகை கேட்பவரை நம்ப வேண்டாம்.

லாரி டயர் என்றால் கூண்டு வேண்டும்

சென்னைச் சாலையும் சேலம் சாலையும் பெங்களூருச் சாலையோடு சேரும் இடம் கிருஷ்ணகிரி. கிரானைட் ஏற்றிய லாரிகளும் ஆலைகளுக்குச் சரக்கு கொண்டுவரும் லாரிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றின் டயரில் அழுத்தம் 100 பிஎஸ்ஐயைத் தாண்டும். அந்த அழுத்தம் டயரின் ஒரு பக்கச்சுவர் மீது மொத்தமாகத் தரும் விசை 40 டன்னுக்கும் மேல். லாக் ரிங் வைத்த பழைய வகை ரிம்மில் வளையம் சரியாக உட்காராமல் போனால் காற்றடிக்கும்போது அது பறந்து வந்து ஆளைக் கொல்லும். அமெரிக்காவில் இத்தகைய சக்கரங்களுக்குக் காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டு கட்டாயம் என்று 1980இலேயே விதி வந்துவிட்டது. லாரி உரிமையாளர்கள் கடை தேடும்போது கூண்டு இருக்கிறதா, நீண்ட குழாயால் தள்ளி நின்று காற்றடிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அது உங்கள் டயருக்காக அல்ல, அங்கே வேலை செய்யும் இளைஞனின் உயிருக்காக.

கடையைத் தேர்வது எப்படி?

இத்தனையும் தெரிந்தபின் தேர்வு கடினமில்லை. டயர் வாங்குவதற்கு முன்பே இரண்டு மூன்று இடங்களுக்கு நேரில் போய்க் கேளுங்கள். வெளியே வாங்கிய டயரை மாட்டுவீர்களா? கழற்றி மாட்ட, வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் ஒவ்வொன்றுக்கும் என்ன கூலி? டார்க் ரென்ச் இருக்கிறதா, கடைசியாக அதால் முடுக்குவீர்களா? அலாய் வீலில் கீறல் விழுந்தால் யார் பொறுப்பு? வேலை நடக்கும்போது நான் நின்று பார்க்கலாமா? பதில்களைவிட, பதில் சொல்லும் விதம் அதிகம் சொல்லும்.

கூலியில் பேரம் பேசாதீர்கள். டயர் விற்பவருக்கு லாபம் டயரிலேயே இருப்பதால் மாட்டும் கூலியைக் குறைத்துக்கொள்வார். நீங்கள் வெளியே வாங்கி வரும்போது அவருக்குக் கிடைப்பது உழைப்பின் கூலி மட்டும்தான். அவர் சற்றுக் கூடுதலாகக் கேட்டால் அது நியாயம். அதைக் கொடுங்கள், செய்த வேலையைத் தனித்தனியே எழுதிய பில்லை வாங்குங்கள், டயர்களின் வரிசை எண்களைக் குறித்து வையுங்கள்.

பெரிய கண்ணாடிக் கடைதான் வேண்டும் என்பதில்லை. பளபளக்கும் ஷோரூமிலும் ஏர் கன்னோடு வேலையை முடித்துவிடுபவர் இருக்கலாம். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் டார்க் ரென்ச்சைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருப்பவரும் இருக்கலாம். கண்ணால் மதிப்பிட்டு முடிப்பவரைவிட, கருவியால் அளந்து முடிப்பவரை நம்புங்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஆலைகளில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இந்த அளவுகள் எதுவும் புதிதல்ல. பணி நேரத்தில் இயந்திரத்திடம் கேட்கும் அதே துல்லியத்தை, விடுமுறை நாளில் தன் காருக்காக ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போதும் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரர் டார்க் ரென்ச் வாங்கி வைப்பார். கேட்காவிட்டால் வாங்க மாட்டார்.